ஒருவர் தொடங்கி ஒருவர் முடிக்கும் போர்வை

அமெரிக்காவில் பாட்டியோ பெரியத்தையோ காலமானபின் அவர்களுடைய மரப்பெட்டியைத் திறக்கும் குடும்பங்கள் அடிக்கடி கண்டெடுக்கும் பொருள் ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான துண்டுத் துணிகளை முனை பிசகாமல் சேர்த்துத் தைத்த பெரிய விரிப்பு அது. நட்சத்திரமோ, வளையமோ, வெறும் சதுரங்களோ, பார்க்க அத்தனை அழகாக இருக்கும். ஆனால் போர்த்திக்கொள்ள முடியாது. உள்ளே பஞ்சு கிடையாது, அடியில் துணி கிடையாது. குயில்ட் தைப்பவர்கள் இதை ‘டாப்’ என்பார்கள். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி என்ற மூன்றையும் ஊடுருவி ஓட்டுத்தையல் ஓடினால்தான் அது குயில்ட்.

டாப்கள் இப்படிப் பெட்டியில் தங்கிவிடுவதற்குக் காரணம் எளிது. துண்டுகளைச் சேர்ப்பது தனி ஆள் வேலை. சட்டை தைத்து மிஞ்சியதும் கிழிந்த பாவாடையில் நல்ல பகுதியும் அதற்குப் போதும். அடுப்பு வேலைக்கு நடுவே, மடியில் வைத்தே தைக்கலாம். மூன்றடுக்காக்குவது அப்படியல்ல. பஞ்சும் அகலமான அடித்துணியும் காசு கொடுத்து வாங்கவேண்டும். கட்டில் அளவுச் சட்டம் வேண்டும், அதை விரிக்க இடம் வேண்டும், சுற்றி உட்கார நாலு பேர் வேண்டும். பஞ்சு வாங்கக் காசில்லாமல் போகும், கண் மங்கும், உயிரும் போகும். மிச்சத்தை முடிக்க இன்னொரு கை வரவேண்டும்.

குயில்டின் நீண்ட வரலாறு முழுவதும் இந்த இன்னொரு கையின் வரலாறுதான். ஓர் ஊர் விட்ட இடத்தில் இன்னோர் ஊர் ஊசியை எடுத்திருக்கிறது.

எங்கே தொடங்கியது என்று தேடினால் எகிப்துக்குப் போகவேண்டும். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1903இல் ஆபிடோஸில் தோண்டியபோது தந்தத்தில் செதுக்கிய ஓர் அரசனின் சிற்றுருவம் கிடைத்தது. முதல் வம்சத்துக் காலம். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுப் பழமை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அந்த அரசன் போர்த்தியிருக்கும் அங்கியில் சாய்சதுரக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அடுக்குத் துணியின் மேல் போட்ட தையல் என்றே பலரும் அதைப் படிக்கிறார்கள். அங்கிருந்து ஒரே தாவலாக மங்கோலியா: 1920களில் நொயின் உலா மலைக் கல்லறைகளைத் திறந்த ரஷ்யர் கோஸ்லோவின் குழுவுக்கு, சுருள் சுருளாகத் தையலோடிய ஒரு கம்பளம் கிடைத்தது. சுமார் இரண்டாயிரம் ஆண்டு முன் அங்கே ஆண்ட நாடோடித் தலைவர்களின் கல்லறைகள் அவை. எகிப்தின் வெயிலிலும் மங்கோலியாவின் பனியிலும், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் துணியை அடுக்கித் தைத்திருக்கிறார்கள்.

துண்டுத் துணிகளைச் சேர்ப்பது தனிக் கலை. அதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பௌத்த வினய நூலில் இருக்கிறது. மகத நாட்டு வயல்களை, வரப்பும் குறுக்கு வரப்புமாகப் பிரிந்துகிடந்த அழகை, புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, துறவியரின் ஆடையை இப்படி அமைக்க முடியுமா என்று கேட்கிறார். ஆனந்தர் துணியைத் துண்டாக வெட்டி, வயல் போலவே சேர்த்துத் தைக்கிறார். வெட்டிய துணிக்குச் சந்தை மதிப்பு இல்லை என்பதால் திருடரும் அதை விரும்பமாட்டார்கள் என்ற நடைமுறைக் காரணமும் கூடவே சொல்லப்படுகிறது. அந்த வயல் ஆடை பட்டுப்பாதை வழியே சீனா போனது. துன்ஹுவாங் குகையில் அடைத்து வைத்திருந்த சுவடிகளோடு பல வண்ணப் பட்டுத் துண்டுகளாலான ஒரு மேலாடையை ஆரல் ஸ்டைன் 1907இல் எடுத்துப்போனார். ஆயிரம் ஆண்டு தாண்டியும் அதன் சேர்ப்புத் தையல்கள் தெளிவாகத் தெரிகின்றன.

ஐரோப்பாவுக்கு அடுக்குத் தையல் போர்க்களத்தில்தான் வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் இரும்புக் கவசத்துக்கு அடியிலும், அது வாங்க வசதியில்லாதவர்கள் வெறுமனேயும், பஞ்சோ கந்தலோ திணித்துத் தைத்த தடித்த அங்கிகளை அணிந்தார்கள். அது கட்டிலுக்கு வந்த கதையை ஒரு சிசிலிப் போர்வை சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்து உருவங்களைப் புடைக்கச் செய்து, டிரிஸ்டன் என்ற வீரனின் காதல் கதையைக் காட்சி காட்சியாகத் தைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்திலும், இன்னொன்று ஃபிளாரன்ஸிலும் இருக்கிறது. பெருங்குடும்பத் திருமணத்துக்காகச் செய்திருக்கலாம் என்பது அறிஞர் ஊகம். இதே திணிப்புத் தையலை மார்செய் துறைமுகத்துப் பெண்கள் வெள்ளைத் துணியில் செய்து ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். அதைப் பார்த்து ஆங்கிலேயத் தறிக்காரர்கள், ஊசியே இல்லாமல் தறியிலேயே அந்தப் புடைப்பை வரவழைத்தார்கள். மேலைநாட்டு விருந்துகளில் கறுப்புக் கோட்டுக்குள் தெரியும் மொறமொறப்பான வெள்ளைச் சட்டையின் மார்புத்துணி இன்றும் மார்செல்லா என்றுதான் விற்கிறது.

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் சாத்காவுன் துறைமுகத்தில் அருமையான போர்வைகளைக் கண்டார்கள். வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் டசர் பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளும் கப்பல்களும் பைபிள் கதைகளும் தைத்தவை. லிஸ்பனில் அவற்றுக்குத் தனி மரியாதை. வங்காள வீடுகளுக்குள்ளேயோ இன்னொரு போர்வை இருந்தது. நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, பிறக்கப்போகும் குழந்தைக்காகவும் மணமாகிப் போகும் மகளுக்காகவும் தைத்த காந்தா. ஏற்றுமதிக்குப் போனது சீமாட்டிகளின் கட்டிலுக்கு. காந்தா குடும்பத்துக்குள்ளேயே உடுத்தி, போர்த்தி, துவைத்துத் தேய்ந்தது. அதனால்தான் இன்று மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலோ அதற்குப் பிறகோ தைத்தவை.

சோழமண்டலக் கரையின் பங்கு தைத்ததில் இல்லை, துணியில். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், புதுச்சேரி, நாகப்பட்டினம் எனக் கரை நெடுகிலும் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பிரெஞ்சுக்காரர்களும் கிட்டங்கி போட்டு உட்கார்ந்தது பெரிதும் இதற்காகத்தான். துவைத்தால் சாயம் போகாத பூத்துணியை அன்றைய ஐரோப்பா கண்டதில்லை. நம் கைவினைஞர்கள் பருத்தித் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்தார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும், கறுப்பு வரவேண்டிய இடத்தில் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்த கரைசலையும் எழுதுகோலால் தீட்டினார்கள். பிறகு சாயவேரில் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகும். நீலம் வேண்டிய இடம் தவிர மற்றதையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினார்கள். கட்டில் அளவுக்கு ஒரே துணியில் மலைப்பாறையிலிருந்து ஒரு மரம் எழுந்து, கிளை பரப்பி, ஒவ்வொரு கிளையிலும் வேறு வேறு பூ பூக்கும். பலம்போர் என்று வணிகர் பேசியது அதைத்தான்.

அந்த மரமே பல கைகளின் கூட்டு வேலை. லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் 1643இல் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், இங்கே வரும் போர்வைகளின் சிவப்புத் தளம் எடுபடவில்லை, வெள்ளைத் தளத்தில் பூவும் கிளையுமாகச் செய்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மாதிரிப் படங்கள் கப்பலேறி வந்தன. பாரசீகத்துப் பூவும், சீனப் பாறையும், ஆங்கிலப் பூத்தையலின் இலையும் நம் ஊர் எழுதுகோலில் ஒன்று கலந்தன. திரும்பிப் போனதை ஐரோப்பியர் அசல் இந்தியப் பூ என்று வாங்கிக்கொண்டார்கள்.

சரக்கு அதிகம் போனதும் சண்டை வந்தது. பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியை முடக்கியது. அது போதாமல், 1721இல் போட்ட சட்டத்தால் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் வீட்டில் விரிப்பதையுமே பெரும்பாலும் தடுத்தது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் மேல் இருந்த பூத்துணியைக் கிழித்தே எறிந்தார்கள். கிடைப்பதற்கு அரிதானது எதுவும் குப்பைக்குப் போவதில்லை. கிழிந்த பலம்போரிலிருந்து ஒரு பூவை, ஒரு பறவையைக் கத்தரித்து எடுத்து, மலிவான வெள்ளைத் துணியில் பரப்பி ஓரம் மடித்துத் தைத்தார்கள். ஒரு முழப் பூத்துணி ஒரு கட்டிலையே நிறைத்துவிடும். இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் சீமாட்டிகள் பெருமையோடு செய்த குயில்ட் வகை ஒன்று இப்படிப் பிறந்தது. மசூலிப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ பெயர் தெரியாத ஒருவர் எழுதிய பூவை, அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் பெயர் தெரியாத ஒரு பெண் தைத்து முடித்திருக்கிறாள்.

தடையால் ஒற்று வேலையும் பெருகியது. பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பொலியூ 1734இல் புதுச்சேரியில் சாயமிடும் ஒவ்வொரு கட்டத்திலும் துணித்துண்டு சேகரித்துக் குறிப்பெழுதினார். 1742இல் பாதிரியார் கேர்தூ, தாம் மதம் மாற்றிய கைவினைஞர்களிடம் கேட்டறிந்த செய்முறையை பிரான்ஸுக்கு விரிவான கடிதமாக அனுப்பினார். தமிழ்நாட்டுக் கரையின் பரம்பரை அறிவு கடிதம் கடிதமாகக் கப்பலேறியது. 1759இல் பிரெஞ்சுத் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே ஓபர்காம்ப் பாரிஸ் அருகே ஜூயியில் அச்சுக்கூடம் திறந்தார். 1774இல் இங்கிலாந்தும் தடையைத் தளர்த்தியது. அதே பத்தாண்டில் ஜான் ஹியூசன் என்ற ஆங்கிலேயத் துணி அச்சுக்காரர் ஃபிலடெல்ஃபியாவில் குடியேறினார். பூச்சாடியும் பறவையும் வண்ணத்துப்பூச்சியுமாக அவர் அச்சிட்ட சதுரங்களை அமெரிக்கப் பெண்கள் குயில்டின் நட்டநடுவில் வைத்துத் தைத்தார்கள். அந்தச் சாடியின் பூக்களில் சோழமண்டல மரத்தின் சாயல் தெளிவாகவே தெரியும்.

இங்கிலாந்துப் பெண்கள் துண்டு சேர்க்க ஒரு தனி வழி வைத்திருந்தார்கள். காகிதத்தை அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, துணியை அதன்மேல் மடித்து இழையோட்டி, பிறகு ஓரத்தோடு ஓரம் கோத்துத் தைப்பது. வேலை முடிந்தபின் காகிதத்தை உருவிவிடுவார்கள். முடியாமலே நின்ற போர்வைகளிலோ காகிதம் உள்ளேயே தங்கிவிடும்! பழைய கடிதம், கடைக் கணக்கு, செய்தித்தாள், பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் எல்லாம் வெட்டுண்டு கிடக்கும். அவற்றைப் படித்தே ஆய்வாளர்கள் தேதி சொல்கிறார்கள். முடித்த போர்வையைவிட முடிக்காத போர்வை சில சமயம் அதிகம் பேசும். சாட்டன் கிராமத்தில் ஜேன் ஆஸ்டன் வாழ்ந்த வீட்டில், அவரும் அக்கா கசாண்ட்ராவும் அம்மாவுமாகத் தைத்த சாய்சதுரப் போர்வை இன்றும் இருக்கிறது. துண்டு சேகரித்தாயா என்று அக்காவுக்கு நினைவூட்டி, புதுத்துண்டு வராமல் வேலை நின்றுகிடக்கிறது என்று 1811 மே 31ஆம் தேதிக் கடிதத்தில் ஆஸ்டன் எழுதுகிறார். அவருடைய நாவல் முதன்முதலாக அச்சேறிய வருடம் அது.

1841 ஏப்ரலில் ‘ராஜா’ என்ற கப்பல் நூற்றெண்பது பெண் கைதிகளோடு இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்குக் கிளம்பியது. சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃப்ரையின் சங்கத்தார் அவர்களுக்கு ஊசியும் நூலும் துண்டுத் துணிகளும் கொடுத்தனுப்பினார்கள். ஜூலையில் ஹோபார்ட் சேர்ந்தபோது 2,815 துண்டுகளாலான போர்வை தயார். தையல் ஓரிடத்தில் நுணுக்கம், ஓரிடத்தில் தடுமாற்றம். பல கைகள் என்பது பார்த்தாலே தெரியும். ஆளுநரின் மனைவி ஜேன் ஃபிராங்க்ளினுக்குக் கொடுத்த அந்தப் போர்வை பிறகு காணாமல் போய், 1980களில் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளியே வந்தது. இப்போது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில், சில நாள் மட்டும் காட்சிக்கு வைக்கும் அளவுக்குப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். அதைத் தைத்தவர்கள் தண்டனைக் காலத்தைக் கழிக்கப் போனவர்கள்.

அமெரிக்காவில் பருத்தி மலிந்ததும் குயில்ட் எல்லா வீட்டுக்கும் போனது. அந்த மலிவு அடிமைகளின் உழைப்பில் வந்தது என்பதைச் சொல்லாமல் இக்கதை நகரக்கூடாது. 1840களில் மேற்கே குடியேறக் கிளம்பிய குடும்பங்களுக்கு உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு சதுரம் தைத்து, மையால் பெயரெழுதிக் கொடுத்தார்கள். துணியை அரிக்காத மை அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. அதற்கு முந்தைய இரும்பு மை எழுதிய இடத்தையே ஓட்டையாக்கிவிடும். பல பேர் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நாளில் மூன்றடுக்கையும் தைத்து முடிக்கும் கூட்டமும், சாப்பாடும் அரட்டையும் கல்யாணப் பேச்சுமாக, இதே காலத்தில் பெரும் வழக்கமானது.

ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் பைபிள் காட்சிகளைத் துணியில் வெட்டித் தைத்த குயில்டை 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது மறுத்துவிட்டார். சில ஆண்டு கழித்து வறுமை நெருக்கியதும் அவரே கொண்டுவந்து பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. விற்றபிறகும் அதைப் பார்க்கவென்றே அந்த வீட்டுக்குச் சிலமுறை போய்வந்தார் என்று ஸ்மித் எழுதிவைத்திருக்கிறார்.

பசிபிக் தீவுகளுக்குக் குயில்ட் பாதிரிமாரின் மனைவிகளோடு போனது. 1820 ஏப்ரலில் ‘தாடியஸ்’ கப்பலின் மேல்தளத்தில் அவர்கள் ஹவாய் அரச குலப் பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஹவாய்ப் பெண்களிடம் மரப்பட்டையை அடித்துச் செய்த அடுக்குப் போர்வை ஏற்கெனவே இருந்தது. முழுத் துணியைத் துண்டாக வெட்டி மறுபடி ஒட்டுவானேன் என்று எண்ணியோ என்னவோ, அவர்கள் ஒரே பெரிய துணியை எட்டாக மடித்து, ஒரே வெட்டில் ஈரப்பலா இலை வடிவங்களை விரியவைத்தார்கள். பதவி பறிக்கப்பட்டு, 1895இல் இயோலானி அரண்மனையில் சிறையிருந்த அரசி லிலியுஒகலானி, கண்டபடி வெட்டிய பட்டுத் துண்டுகளால் தைத்த குயில்டில் தன் நாட்டின் கதையைத் தேதிகளோடு பதிந்துவைத்தார்.

கடல் கடந்து வந்தவர்களின் வழியில் நம் நாட்டிலும் ஒரு போர்வை உண்டு. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் வாழும் சித்தி மக்கள், போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழியினர். அவர்களின் பெண்கள் பழைய சேலைத் துண்டுகளால் தைக்கும் கவந்தியில் தையல் ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே நகர்ந்து நடுவில் முடியும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணிப்பூ இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கக் கிராமங்கள் மாவும் தீவனமும் வந்த சாக்கைப் பிரித்துத் தைத்தன. ஆலைக்காரர்கள் அதைக் கவனித்து, சாக்கிலேயே பூ அச்சிட்டு விற்றார்கள். மேலே சொன்ன ‘டாப்’களில் நிறைய இந்த வருடங்களில் நின்றுபோனவைதான். 1933 சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் கம்பெனி ஒரு போட்டி வைத்தது. முதல் பரிசு ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடச் சோறு. 24,000க்கும் மேல் குயில்டுகள் வந்து குவிந்தன. கென்டக்கியைச் சேர்ந்த மார்கரெட் கேடன் வென்றார். அந்தக் குயில்ட் வெள்ளை மாளிகைக்கு எலினார் ரூஸ்வெல்ட்டிடம் போனது; இன்று எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அதில் கேடன் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்கு அமர்த்திய பெண்கள் தைத்தார்கள் என்பது வெகுகாலம் கழித்தே வெளியே தெரிந்தது. இந்த வரலாற்றில் இன்னொரு கை எப்போதும் நன்றியோடு நினைக்கப்பட்டதில்லை.

அலபாமாவின் கீஸ் பெண்ட் கிராமத்தில் மிசௌரி பெட்வே 1942இல் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து, அவர் நினைவாகத் தான் போர்த்திக்கொள்ள ஒரு குயில்ட் தைத்தார். முட்டி தேய்ந்து வெளுத்த இடமும் கறையும் அப்படியே. அறுபது ஆண்டு கழித்து, அவ்வூர்க் குயில்டுகள் நியூயார்க் விட்னி மியூசியத்தில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் வந்தன. அதே விட்னியில் 1971இல் குயில்டுகளை நவீன ஓவியம்போலச் சுவரில் மாட்டிய ஒரு கண்காட்சிதான், அடங்கிக் கிடந்த இந்தக் கலையை மறுபடி கிளப்பியது. ஜப்பானும் சேர்ந்துகொண்டது. சாக்லேட் கட்டியை ஒடித்துத் தின்பதைப் பார்த்து ஒடிக்கும் கத்தியைக் கண்டுபிடித்த ஒசாகாக்காரர் ஒகாடாவின் ஒல்ஃபா கம்பெனி, 1979இல் துணி வெட்ட ஓர் உருளும் கத்தியை விட்டது. தையல்காரர்களுக்காக வந்ததைக் குயில்ட்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். நாள்கணக்கில் கத்தரித்த துண்டுகள் ஒரு மாலையில் தயாராயின.

போலிகள் இங்கேயும் துரத்தின. 1992இல் ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த பாரம்பரியக் குயில்டுகளைச் சீனாவில் நகலெடுத்து விற்க உரிமம் கொடுத்தது. நகலெடுத்தவற்றில் ஒன்று ஹாரியட் பவர்ஸ் ஐந்து டாலருக்கு விற்றது. நாடெங்கும் குயில்ட் தைக்கும் பெண்கள் கொதித்தெழுந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்கள் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. கூடவே, பழவேற்காட்டுப் பூவை நகலெடுத்த நாடுகளில் இதுவும் ஒன்று என்பதும் நினைவுக்கு வருகிறது.

பெட்டியில் இருக்கும் டாப்புக்குத் திரும்புவோம். அதை முடிக்கலாமா? முதலில் பழுப்பும் கறுப்புமான துண்டுகளைப் பார்க்கச் சொல்வார்கள் விவரம் தெரிந்தவர்கள். இரும்பு கலந்த சாயம் பருத்தியை அரித்துத் தூளாக்கும். நம் கரையில் வெல்லமும் துருவுமாகத் தீட்டிய கறுப்புக் கோட்டுக்கும் இதே விதிதான். பழைய துணிகளில் முதலில் உதிர்வது அந்தக் கோடு. மிகப் பழையதானால் விட்டுவிடுவதே நல்லது. தாங்கும் என்றால், நைந்த துண்டின்மேல் மெல்லிய வலைத்துணியை வைத்து மூடலாம். அல்லது அதே காலத்துத் துணியைத் தேடி மாற்றலாம். சிவப்பு ஒழுகுகிறதா என்று நனைத்த வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்காமல் தண்ணீரில் போடக்கூடாது. பாட்டியின் கோணல் முனைகளைப் பிரித்து நேராக்கலாமா என்பதில் தைப்பவர்களிடையே விவாதம் ஓயாது. துணி மடிப்பு விழுந்து படுக்க மறுத்தாலன்றி, கோணலைத் தொடக்கூடாது என்பது என் கட்சி.

தைக்கத் தெரியாத குடும்பங்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் இரு தோழியர், மாசி கேப்லனும் ஜென் சிமோனிக்கும், ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்தவரோ கை முடியாமல் போனவரோ பாதியில் விட்ட பின்னலையும் தையலையும் முடித்துக்கொடுக்க, முன்பின் அறியாத தன்னார்வலரைத் தேடி இணைப்பது அதன் வேலை. கூலி கிடையாது. முடிந்த பொருள் குடும்பத்துக்கே திரும்பிவிடும்.

திரும்பிவந்ததை என்ன செய்வது? ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய ‘எவ்ரிடே யூஸ்’ கதையில் பாட்டியின் குயில்டுகளைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள் ஒரு மகள். இன்னொருத்திக்கு அவை போர்த்திப் படுக்க. அம்மா போர்த்துகிறவளுக்கே கொடுத்துவிடுகிறாள். நானும் அந்த அம்மா பக்கம். போர்வை பிள்ளைகள் மேல் கிடக்கட்டும், தேயட்டும், தேய்ந்த இடத்தில் இன்னொருவர் ஒட்டுப் போடட்டும். ஒன்று மட்டும் செய்யவேண்டும்: அடித்துணியின் மூலையில் சிறு துணிச் சீட்டு ஒன்றைத் தைத்து, டாப் சேர்த்தவர் பெயரையும் வருடத்தையும், அதன் கீழே முடித்தவர் பெயரையும் வருடத்தையும் எழுதவேண்டும். துணியை அரிக்காத மையால்.